வெண்பாவுக்குள் வராத ஊர்

என் தங்கை ஜுனைதா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டவள், முதலும் முடிவும் இல்லாத நாற்பத்தாறு தாள்களை வைத்துக்கொண்டு வெண்பா எழுதக் கற்றாள். சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை. மேசையோ கொப்பியோ இல்லாமல், ஒரு சுளகின் மேல், சரக்குப் புடைக்கும் முறத்தின் மேல், நூற்று முப்பத்தொரு வெண்பாக்களைக் கட்டினாள். இது என் கைக்கு வந்தவற்றின் எண்ணிக்கை மட்டும். கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையின் வெண்பாப் போட்டியில் ஐந்து முறை முதற்பரிசு பெற்றாள். படித்தவர்களும் பண்டிதர்களும் கலந்துகொண்ட போட்டி அது.

ஐந்தில் நான்கு வெண்பாக்களின் கீழே அச்சானது என் பெயர். அது எப்படி நடந்தது, ஐந்தாவதில் எப்படி மாறியது என்பதைத் தேதி பிசகாமல் எழுதிவைக்க வேண்டியவன் நான்தான்.

எங்கள் வாப்பா முத்தலிப் மாத்தளை டவுனில் சரக்குக் கடை வைத்திருந்தார். மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய். சில்லறையாக வாங்குகிறவர்களுக்குக் கடுதாசிப் பையில் போட்டுக் கொடுப்போம். பை ஒட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. பழைய புத்தகமும் பத்திரிகையும் சாக்கில் வந்து இறங்கும். உம்மாவும் ஜுனைதாவும் கோதுமை மாவில் பசை காய்ச்சி, ஒரு நாளைக்கு இருநூறு பை ஒட்டிவிடுவார்கள்.

1948 கடைசியில், ஜுனைதாவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, அப்படி வந்த ஒரு சாக்கில் அந்தத் தாள்கள் இருந்தன. அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கங்கள் இல்லை. நடுவிலும் சில கழன்று போயிருந்தன. யாப்பு பற்றிய புத்தகம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் ஒரு தாளை மடிக்கப் போனவள், அதில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு அடுத்த தாளை. மாலையில் உம்மா எண்ணிப் பார்த்தபோது அன்றைக்குப் பை நூற்றுப் பத்துதான்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். செய்யுளின் ஓசையை அளக்கும் மிகச் சிறிய துண்டுக்கு அசை என்று பெயர். எழுத்து ஒற்றையாக நின்றால் அது நேர். ஒரு குறிலோடு இன்னோர் எழுத்து இணைந்து நின்றால் நிரை. புள்ளி வைத்த எழுத்துகளுக்கு எடை கிடையாது. அசைகள் சேர்ந்தால் சீர். சீர்களுக்குப் பெயர்கள் உண்டு: நேர்நேர் என்றால் தேமா, நிரைநேர் என்றால் புளிமா. மூன்று அசை வந்தால் முடிவைப் பார்த்துக் காய் என்றும் கனி என்றும் சொல்வார்கள். எந்தச் சீருக்குப் பின்னால் எந்தச் சீர் வரலாம் என்பதற்குக் கட்டு இருக்கிறது. வெண்பாவில் அந்தக் கட்டு மிகவும் இறுக்கம். இவ்வளவையும் நான் அவளிடமிருந்துதான் அறிந்தேன். எனக்கு எட்டாம் வகுப்பு. இன்றும் வெண்பா எழுத வராது. நிறுத்துப் பார்க்க மட்டும் வரும்.

பசை தடவிக்கொண்டே அவள் சீர்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

"என்ன புள்ள முணுமுணுக்கிற? ஓதுறியா?" என்று உம்மா கேட்டார்.

"இல்லம்மா. தேமாங்கா, புளிமாங்கா."

உம்மா பசைச் சட்டியை இறக்கி வைத்தார். "கல்யாணம் ஆகாத புள்ள புளிமாங்கா கேக்குது. இத்ரூஸ், இவளுக்குச் சீக்கிரம் ஒரு எடம் பாரு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதன் பிறகு உதடு அசையாமல் சொல்லப் பழகிக்கொண்டாள்.

எழுதிப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை. கடைக் கொப்பியில் கை வைத்தால் வாப்பா கேட்பார். பென்சில் ஒன்று இருந்தது. அது கடையில் என் காதில் இருக்கும். அவள் கண்டுபிடித்த வழி இதுதான். எங்கள் வீட்டில் எந்த நேரமும் சரக்குப் பொறுக்குவது நடக்கும். சுளகில் ஒரு கராம்பு வைத்தால் நேர். ஓர் ஏலம் வைத்தால் நிரை. ஒரு சீர் முடிந்ததும் ஒரு விரல் இடைவெளி. ஓர் அடி முடிந்ததும் அடுத்த வரிசை. நான்கு வரிசை நிறைந்தால், கடைசி வரிசை கொஞ்சம் குட்டையாக, ஒரு வெண்பா. சொற்கள் தலைக்குள், அளவு சுளகில். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை சரக்குப் பொறுக்குவதுதான் தெரியும்.

வாப்பா 1949 ஜூனில் மவுத்தானார். கடை என் கைக்கு வந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு.

1951 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை ஜுனைதாவுக்குக் காவின், அதாவது கல்யாணப் பதிவு, எழுதினோம். மாப்பிள்ளை ஜைனுதீன், பல்லேபொலக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பாக்கும் மிளகும் வாங்கி லாரியில் ஏற்றுகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நல்ல இடம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முன் அறையில் பதிவுகாரர் புத்தகத்தை விரித்து, "வலி யாரு?" என்று கேட்டார். வாப்பா இல்லாததால் தங்கைக்குப் பொறுப்பாளி நான். கையெழுத்திட்டேன். மாப்பிள்ளையும் சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். பெண்ணின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஜுனைதா உள் அறையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு வைப்பதற்காக, ஒரு தட்டு ஏலம் இருந்தது. நான் அன்று அந்த அறைப் பக்கம் போகவில்லை. அந்த ஏலத் தட்டைப் பற்றிப் பதிமூன்று வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

அடுத்த மாதம் அவளைப் பார்க்க பஸ்ஸில் போனேன். வீடு ரோட்டிலிருந்து உள்ளே, மிளகுக் கொடிகளும் பாக்கு மரங்களும் சூழ்ந்த தோட்டத்தில் தனியாக இருந்தது. நம் ஆட்களின் வீடுகள் பள்ளிவாசல் பக்கம், ஒன்றே கால் மைல் தள்ளி. சுற்றிலும் சிங்கள ஆட்கள். ஜைனுதீன் வெளியூர் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அண்ணனை நாங்கள் நானா என்போம். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நானா, நீங்க என்னைய வெண்பாவுக்குள்ள வராத ஊருக்குக் கட்டிக் குடுத்துட்டீங்க."

"என்ன சொல்ற?"

"மாத்தளை வரும். யட்டவத்த வரும். இரத்தோட்டையும் வரும், அது காய். பல்லேபொல கனி. வெண்பாவுக்குள்ள கனி வரக் கூடாது."

"ரெண்டா உடைச்சுப் போட ஏலாதா?"

"ஏலும். ஆனா இருக்கிற ஊர உடைச்சுப் போட்டு எழுதி என்னத்துக்கு?"

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவக் கூவ, நான் விரலில் அசை எண்ணிக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது சரி.

அந்த வீட்டில் அவளுடைய நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஜைனுதீன் மாதத்தில் ஆறேழு நாள் வீட்டில் இருப்பார். இரண்டு முறை பிள்ளை உண்டாகித் தங்கவில்லை, 1953 இலும் 1955 இலும். இரண்டாவது முறை உம்மாவும் போய் இருபது நாள் இருந்தார். பிறகு உம்மாவும் மவுத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அவள் சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை தமிழில் ஒரு சொல் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறாள். "பேசாம இருந்து இருந்து என் குரலே எனக்குப் புதுசா இருக்கு நானா" என்றாள் ஒரு முறை. நான் அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள், அடுத்த தோட்டத்து நோனா. ஐம்பது வயதுச் சிங்களப் பெண். சிங்களத்தில்தான் பேசுவார், இவளை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவார். நல்ல மனம், ஓயாத கை. ஒரு நாள் ஜுனைதா கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் நோனா வந்திருக்கிறார். முற்றத்தில் சுளகு இருந்திருக்கிறது. அதில் கராம்பும் ஏலமும் கலந்து கிடப்பதைப் பார்த்து, பாவம் இந்தப் பிள்ளை என்று உட்கார்ந்து, கராம்பை ஒரு பக்கமும் ஏலத்தை ஒரு பக்கமும் பிரித்துவைத்துவிட்டார்.

"நங்கி, எல்லாம் சரி பண்ணியாச்சு! என்ன நீ, ரெண்டும் கலந்து வச்சிருக்கே? பிஸ்ஸுவா, பைத்தியமா ஒனக்கு?"

"அய்யோ அக்கே, மூணு நாள் வேலை."

"மூணு நாளா? நான் பத்து நிமிசத்தில பண்ணேனே! நீ ரொம்ப மெதுவு, நங்கி."

ஜுனைதா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். இதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "சொல்லெல்லாம் ஞாபகம் இருந்திச்சு நானா. மூணாவது அடியில ஒரே ஒரு சீரு மட்டும் இன்னும் கெடைக்கல்ல." அந்த வெண்பா கடைசிவரை முழுமையாகவில்லை. அதை என் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

1957 இல் அந்த வாரப் பத்திரிகை வெண்பாப் போட்டி தொடங்கியது. கடைசிச் சொல்லை அவர்கள் கொடுப்பார்கள். அதில் முடியும்படி நாம் எழுத வேண்டும். பழைய பத்திரிகைக் கட்டில் பார்த்து நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் எழுதி அனுப்பிய விதம் இது. ஜைனுதீனின் லாரி பல்லேபொலத் தோட்டத்து ஏலத்தை என் கடையில் இறக்கும். ஏலப் பையின் வாயைக் கட்டுவது ஜுனைதா. பைக்குள், ஏலத்துக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு துண்டுக் கடுதாசி இருக்கும். அச்செழுத்தைப் பார்த்துப் பழகியதால் அவள் எழுத்தும் அச்சுப் போலவே, ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும். அதைப் போட்டிச் சீட்டில் நான் பிரதி எடுப்பேன். சீட்டின் அடியில் "இது என் சொந்த ஆக்கம்" என்று அச்சிட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள்.

முதல் முறை அவளைக் கேட்டேன்: "யாரு பேரு போட?"

"ஒங்க பேரையே போடுங்க. பொம்புளப் பேரு பேப்பர்ல வந்தா ஊரு வாய மூடுமா? அவருக்குத்தான் தலை குனிவு."

அப்படித்தான் என் பெயர் போனது. முதல் இரண்டும் திரும்பி வந்தன. இரண்டாவதோடு ஆசிரியர் ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தார்: வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு அளவில் ஒன்றாகவே முடிய வேண்டும், இதுகூடத் தெரியாமல் மற்ற இடங்களில் பிழையின்றி எழுதியிருப்பது வியப்பு. ஜுனைதா தன் தாள்களை எடுத்துப் பார்த்தாள். அந்த விதி இருந்திருக்க வேண்டிய பக்கம் கழன்றுபோனவற்றில் ஒன்று. யாருடைய கால் றாத்தல் மிளகோடு அது எங்கள் கடையிலிருந்து போனதோ தெரியாது. ஒன்பது வருடமாக அவள் கட்டியவை எல்லாம் கடைசிச் சீரில் நொண்டின. எல்லாவற்றையும் திருத்தி முடிக்க ஐந்து மாதம் ஆனது.

1958 பெப்ரவரியில் முதற்பரிசு. ஜைனுதீனின் லாரி புறப்பட்டுப் போவதைப் பற்றிய வெண்பா. கடைசி இரண்டு அடி இவை:

போன வழியில் புகைநிற்கும், லாரியொலி
போனபின்னும் காதில் புதிது.

பரிசு ஒரு பவுண்டன் பேனா. அதை ஏலப் பையில் திருப்பி அனுப்பினால் ஜைனுதீன் கேள்வி கேட்பார் என்று நானே வைத்துக்கொண்டேன். அன்று நான் சொன்ன காரணம் அது. சட்டைப் பையில் அது நன்றாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பக்கத்துக் கடை மர்சூக் அன்றிலிருந்து என்னைக் "கவிஞரே" என்றுதான் கூப்பிட்டான். 1960 மீலாத் விழாவில் என்னை மேடையேற்றி, "நம்ம இத்ரூஸ் நானா இப்பவே ஒரு வெண்பா சொல்லுவார்" என்று அறிவித்தும்விட்டான். இருமினேன். தொண்டையைக் காட்டினேன். மறுபடி இருமினேன். "கவிஞருக்குத் தொண்டை சரியில்ல, ஏலக்கா குடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஏலக்காயை மென்றுகொண்டு இறங்கி வந்தேன்.

ஜுனைதாவிடம் சொன்னபோது அவள் முன்போல் சிரிக்கவில்லை. அவளிடமும் ஒரு கதை இருந்தது. ஜைனுதீன் அந்த லாரி வெண்பாவைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, லாரி லைசன்ஸோடு மடித்து வைத்திருந்தாராம். ஒரு நாள் சாப்பிடும்போது எடுத்து அவளுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார். "ஒன் நானா எழுதினது. லாரி போற வீட்டில இருந்து பாத்த மாதிரியே எழுதியிருக்கான் பாரு. அவனுக்கு எப்பிடித்தான் தோணிச்சோ!" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கறி இன்னும் வேணுமாண்டு கேட்டேன்."

அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. 1959 இல் வந்ததற்கு மேல், 1961, 1963 என்று இன்னும் இரண்டு பரிசுகள் என் பெயரில் வந்தன.

1964 செப்டம்பரில் அவர்கள் கொடுத்த கடைசிச் சொல் "விருந்து". சீட்டு போய்ச் சேர வேண்டிய நாள் 19, சனிக்கிழமை. 12 ஆம் தேதி வந்த ஏலப் பையில் துண்டு இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பிரித்தேன்.

கையெழுத்து நானாவின் கையெழுத்து; காத்திருந்தேன்
மையெடுத்து யாரும் வரவில்லை – பையவே
ஏலத்தை எண்ணி இருந்தேன், எனக்கன்று
வேலை அதுவே விருந்து.

இரண்டாம் முறை வாசித்தபோதுதான் எந்த நாள் என்று புரிந்தது. வழக்கம் போல அசை பிரித்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் குறை இல்லை. ஆனால் இதன் கீழே இத்ரூஸ் என்று எப்படிப் போடுவது? நானாவின் கையெழுத்து என்று எழுதுகிறவர் நானாவாக இருக்க முடியாது. என் பெயரைப் போட்டால் மர்சூக்குக்குக்கூட விளங்கிவிடும். அவள் பெயரைப் போட்டால் ஜைனுதீனுக்கும் ஊருக்கும் விளங்கிவிடும். அதோடு, முந்தைய நான்கும் யாருடையவை என்ற கேள்வி வரும்.

மூன்று நாள் அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. "நானாவின்" என்ற இடத்தில் "வாப்பாவின்" என்று போட்டால் என்ன? இரண்டும் மூன்று நேர், இரண்டும் தேமாங்காய். முன்னும் பின்னும் கட்டுக் குலையாது. ஏதோ ஒரு பெண் சொல்வதாக நான் கற்பனையில் எழுதியது என்று ஆகிவிடும். பென்சிலால் எழுதிப் பார்த்தேன். அழகாகவே பொருந்தியது. என் வாழ்க்கையில் யாப்பில் நான் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அது.

15 ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அதை எடுத்துக்கொண்டு பல்லேபொல போனேன். லாரி பழுதாகி முற்றத்தில் நின்றது. ஜைனுதீன் வீட்டில் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"வாங்க மச்சான், கவிஞர் மச்சான்! கை எண்ணெய், எழும்ப ஏலாது!" என்று அடியிலிருந்தே சொன்னார்.

ஜுனைதா குசினி வாசலில் சுளகோடு இருந்தாள். துண்டைக் கொடுத்தேன். குரலைத் தாழ்த்தி, "ஒரு சொல்லு மட்டும் மாத்தியிருக்கேன். அளவு சரி, பாரு" என்றேன்.

அவள் வாசித்தாள்.

"அளவு சரிதான் நானா. வெண்பாவுக்கு இதுவும் ஒண்ணு, அதுவும் ஒண்ணு. ஆனா வாப்பா மவுத்தாகி அப்ப ரெண்டு வருசம். அவர் எங்க வந்து கையெழுத்துப் போட?"

"பேப்பர் வாசிக்கிறவனுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நாலு வெண்பா ஒங்க பேர்ல போச்சு, நான் ஒண்ணும் சொல்லல்ல. ஒருத்தரும் இல்லாத வீட்டில பேரு இருந்து என்ன, இல்லாம என்னண்டு இருந்தேன். இது அப்பிடி இல்ல. அண்டைக்கு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல்ல, நீங்களும் கேக்கல்ல. அதத்தான் எழுதியிருக்கேன். இதுக்குக் கீழயும் நீங்களே கையெழுத்துப் போடப் போறீங்களா?"

லாரிக்கு அடியில் ஸ்பேனர் சாவி தட்டும் சத்தம் நின்றிருந்தது. ஜைனுதீன் எப்போது வெளியே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எந்த நாலு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும், ஏலப் பை உட்பட, வருட வரிசைப்படி சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியின் முன் கதவைத் திறந்து, லைசன்ஸை எடுத்து, அதற்குள் இருந்த மடிப்பைப் பிரித்து வாசித்தார். வாசித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு, மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். சாவி சத்தம் உடனே தொடங்கவில்லை.

புறப்படும்போது ஜுனைதாவிடம் சொன்னேன்: "சீட்டு கடையிலதான் இருக்கு. வியாழன் பின்னேரத் தபாலுக்குப் போடாட்டி சனிக்கிழமை போய்ச் சேராது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

புதன்கிழமை முழுவதும் பல்லேபொல பஸ் வரும் நேரங்களில் கடை வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. வியாழன் காலை பஸ்ஸிலும் வரவில்லை. மர்சூக், "கவிஞர் யாருக்குக் காத்திருக்கிறாரு?" என்றான். நான் கவிஞன் இல்லை என்று அன்று அவனிடம் சொன்னேன். அவன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

பதினொன்றே கால் பஸ்ஸில் வந்தாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் அவள் தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. ரோடு வரை நோனா கூட வந்து ஏற்றிவிட்டிருக்கிறார். மிளகு மூட்டைகளுக்கு இடையில் ஸ்டூலைப் போட்டேன். உட்காரவில்லை.

"மச்சான் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல்ல. காலையில லாரி சரியாகிப் போயிட்டாரு. சம்மதமாண்டு நானும் கேக்கல்ல."

"திரும்பி வந்து கேட்டா?"

"வந்தாத்தானே கேப்பாரு" என்றாள். அது பகிடியா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்று வரை அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நான் அறியவில்லை. ஜைனுதீன் பழையபடி வருகிறார், போகிறார். ஐந்தாவது வெண்பாவையும் வெட்டி வைத்திருக்கிறாரா என்று தெரியாது. ஏலப் பைக்குள் துண்டு வைக்கும் வேலை மட்டும் அன்றோடு நின்றது. இப்போது அவள் தபாலிலேயே அனுப்புகிறாள்.

சீட்டை மேசையில் விரித்தேன். "நானாவின்" என்றே நான் பிரதி எடுத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து பவுண்டன் பேனாவை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்குக் கெடச்சது?"

"ஐம்பத்தெட்டில. லாரி வெண்பாவுக்கு."

"நல்ல பாரமா இருக்கு" என்றாள்.

கையெழுத்து எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியாது. இனிஷல் வைக்கலாமா என்று கேட்டேன். வாப்பாவுடையதா, புருஷனுடையதா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றாள். அவள் படித்த நாற்பத்தாறு தாள்களிலும் ஜு என்ற எழுத்து இல்லை; பள்ளிவாசல் கலண்டரில் ஜும்ஆ என்று இருப்பதைப் பார்த்து எப்போதோ பழகியிருக்கிறாள். அதை எழுதினாள். பிறகு யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்த னை. பிறகு தா. மூன்று எழுத்தும் ஒன்றையொன்று தொடாமல் அந்தக் கோட்டின் மேல் நின்றன. "புளிமா" என்றாள் மெதுவாக. மை காயும்வரை சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். உறையில் போடக்கூட என்னிடம் தரவில்லை. தபால் கந்தோருக்குத் தானே நடந்து போய்ப் போட்டுவிட்டு, ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

அன்று 1964 செப்டம்பர் 17, வியாழக்கிழமை.